தடுப்பின் வாசல்

போதகருக்கு ஆறு தீவுகள், ஒரே படகு.
கடல் சம்மதித்தால்
ஆறு வாரத்துக்கு ஒருமுறை எங்களிடம் வருவார்.
மற்ற ஞாயிறுகளுக்கு
ஹானுஸ்.

கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போனபோது
வலை இழுக்கும் எந்திரம்
இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது.
இருபத்தொன்பது வயதில் ஃபரோவுக்குத் திரும்பி
ஆடு மேய்த்தார், உருளைக்கிழங்கு போட்டார்.
முந்தைய வாசிப்பாளர் இறந்த வாரம்
"உனக்குத்தான் எழுத்து திக்காது" என்று
கறுப்பு அட்டைப் பிரசங்கப் புத்தகத்தை
அவர் கையில் திணித்தார்கள்.
தேவ அழைப்பு என்று யாராவது சொன்னால்
சிரிப்பார்.
ஆள் தேவைப்பட்டது, நான் சும்மா இருந்தேன் என்பார்.

நான் ஆர்மோனியம் வாசிப்பவள்.
நாற்பத்தொரு வருஷம்
அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து
துருத்தி மிதித்தேன்.

பிரசங்க பீடத்தில் ஏற அவருக்கு அனுமதி கிடையாது.
கீழே, பலகைத் தடுப்பின் வாசலில் நின்றுதான்
வாசிக்க வேண்டும்.
ஞானஸ்நானம் கொடுக்க முடியாது.
அப்பம் பிட்க முடியாது.
ஆசீர்வாதம் சொல்லக் கை உயர்த்தக் கூடாது;
அந்த இடம் வரும்போது
மூன்று விரல் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்,
தவறிக்கூட அது எழும்பிவிடாதபடி.
குழி மட்டும் வெட்டலாம். வெட்டினார்.
நாம் புதைத்து ஐந்து வாரம் ஆனபின்
போதகர் வந்து
முளைத்துவிட்ட புல்மேல் மூன்று அள்ளு மண் போடுவார்.

எவரோ எப்போதோ கோபன்ஹேகனில் எழுதிய பிரசங்கம்.
அதில் திராட்சைத் தோட்டம் வரும், அத்திமரம் வரும்.
எங்கள் தீவில் மரமே இல்லை.
ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

தும்மாஸ் மூன்றாம் பெஞ்சில்
கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
ஒரு ஆட்டுக்குட்டியின் காதடையாளம் யாருடையது என்ற சண்டை,
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
ஆனாலும் ஞாயிறு தவறாமல்
ஹானுஸ் அவருக்கும் சேர்த்தே வாசித்தார்.
உலகத்தில் அவர்கள் பேசிக்கொண்டது
அந்த இருபத்திரண்டு நிமிடம்தான்,
அதுவும் இன்னொருவர் வார்த்தையில்.

ஒரு ஜனவரியில் தும்மாஸின் படகு திரும்பவில்லை.
துடுப்பு ஒன்று மட்டும் வந்தது.
அடுத்த ஞாயிற்றுக்குப் புத்தகம் குறித்து வைத்திருந்த பகுதி
சீஷர்களின் படகு, புயல், தலையணைமேல் தூங்கும் கர்த்தர்.
அவர் எழுந்து காற்றை அதட்டும் இடம் வரை வாசித்தார்.
நின்றார்.
அடுத்த வரி அங்கேயே இருந்தது, எனக்கும் தெரிந்தது.
புத்தகத்தை மூடினார்.
"இதற்கு மேல் என்னால் முடியவில்லை" என்றார்.
தடுப்பைத் தாண்டி நடந்து
மூன்றாம் பெஞ்சில்
தும்மாஸின் மனைவி ஊல்ரிக்காவின் பக்கத்தில்,
அந்தக் காலியிடத்தில், உட்கார்ந்தார்.
யாரும் எழவில்லை.
அடுப்புக்கரி தீர்ந்து
எங்கள் மூச்சு வெள்ளையாகும்வரை.

அவர் சொந்தமாகச் செய்த பிரசங்கம் அது ஒன்றுதான்.
போதகர் கேட்டபோது,
கண் வலி, அதனால் நிறுத்தினேன் என்றார்.
அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்.

கண் வலி பிறகு நிஜமாகவே வந்தது.
கடைசி மூன்று வருஷம்
ஒரு வரி பிசகாமல் வாசித்தார்.
ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்:
புத்தகம் தலைகீழாக இருந்தது.
வெளியே சொல்லவில்லை,
அடுத்த பாட்டைக் கொஞ்சம் சத்தமாக ஆரம்பித்தேன்.

போன மாதம் அவருக்குக் குழி வெட்டினது
தும்மாஸின் மகன்.
மண் போடப் போதகர் இன்னும் வரவில்லை,
தெற்கிலிருந்து காற்று.
ஞாயிறு மட்டும் காத்திருக்கவில்லை, வந்துவிட்டது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.
ஏழு பேர்.
தடுப்பின் வாசலில் நின்றால்
கதவிடுக்கில் புகும் குளிர்
நேராகக் கணுக்காலில் ஏறுகிறது.
நாற்பத்தொரு வருஷம்,
இதை அந்த மனிதர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.